ஒரு நாடு தன்னை எவ்வளவு முற்போக்காகக் காட்டிக்கொள்கிறது? அளந்து பார்ப்பதற்கு ஒரு தொடக்கநிலை விளக்கம்

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐநா உடன்படிக்கையில் அமெரிக்கா 1980இல் கையெழுத்திட்டது. அதன் செனட் இன்றுவரை அதற்கு ஒப்புதல் தரவில்லை. சவுதி அரேபியா 2000இல் அதே உடன்படிக்கையில் முறைப்படி இணைந்தது, ஆனால் இஸ்லாமியச் சட்டத்துக்கு முரணான பகுதிகளுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று எழுதிவைத்துவிட்டு இணைந்தது. இந்த இரண்டில் எது வலுவான சமிக்ஞை?

இப்படிப்பட்ட கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்லாமல், வேறொருவர் சரிபார்க்கக்கூடிய ஓர் எண்ணாக மாற்றுவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். எக்செல் போன்ற ஏதாவது ஒரு விரிதாள் போதும். புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

படி 1: எதை அளக்கிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"சமிக்ஞை" என்று நான் சொல்வது, ஓர் அரசு தன் மக்களுக்கும் வெளியுலகுக்கும் "நாங்கள் இந்தப் பக்கம் நிற்கிறோம்" என்று தெரியப்படுத்தும் செயல்களை. மக்களின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கிறது என்பது விளைவு, அது வேறு. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடாதீர்கள். கலந்துவிட்டால், சமிக்ஞை வலுவாக இருக்கும் நாடுகளில் வாழ்க்கையும் மேம்படுகிறதா என்ற கேள்வியை உங்கள் தரவை வைத்துக் கேட்கவே முடியாமல் போய்விடும். அந்தக் கேள்விக்காகத்தானே இவ்வளவு உழைப்பும்!

ருவாண்டாவின் 2003 அரசமைப்புச் சட்டம், முடிவெடுக்கும் அமைப்புகளில் குறைந்தது 30 விழுக்காடு பெண்கள் இருக்க வேண்டும் என்றது. அது சமிக்ஞை. பின்னர் அதன் கீழவையில் பெண்களின் பங்கு 60 விழுக்காட்டைத் தாண்டியது. அது விளைவு. இரண்டுக்கும் விரிதாளில் தனித்தனிப் பத்தி (நெடுவரிசை) போடுங்கள்.

படி 2: துறைகளைத் தேர்ந்தெடுங்கள்

"முற்போக்கு" என்பதை மொத்தமாக அளக்க முயலாதீர்கள். முதல் முயற்சிக்கு நான்கு துறைகள் போதும்: பெண்களின் சமத்துவம், பாலினச் சிறுபான்மையினர் உரிமை, குடும்ப விடுப்பு, மாற்றுத்திறனாளிகளின் உரிமை. ஒவ்வொரு துறையிலும் எந்தத் திசையை முற்போக்கு என்று எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். இது உங்கள் மதிப்பீடு. அதை மறைக்காமல் மேசைமேல் வைத்தால்தான் உங்களோடு உடன்படாதவரும் உங்கள் கணக்கைப் பயன்படுத்த முடியும்.

படி 3: சான்றுகளை விலைப்படி அடுக்குங்கள்

என் பார்வையில் மற்ற எல்லாப் படிகளையும்விட முக்கியமானது இதுதான். பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்த கருத்து இங்கே நேரடியாக உதவுகிறது: கொடுப்பவருக்குச் செலவு வைக்கும் சமிக்ஞையே நம்பத்தக்கது, ஏனென்றால் உறுதி இல்லாதவர் அந்தச் செலவை ஏற்கமாட்டார். உரை நிகழ்த்த எந்த அரசுக்கும் பெரிய செலவில்லை. சட்டம் இயற்ற அரசியல் பலம் செலவாகிறது. நிதியும் தண்டனையும் சேர்த்து இயற்றினால் இன்னும் அதிகம் செலவாகிறது. அதனால் சான்றுகளை நான்கு நிலைகளாகப் பிரியுங்கள்.

நிலை 1, பேச்சு: தலைவர்களின் உரைகள், ஐநா அவைகளில் வாசிக்கும் அறிக்கைகள். எடை 1.

நிலை 2, ஆவணம்: அரசின் கொள்கை அறிக்கைகள், ஆளுங்கட்சியின் தேர்தல் அறிக்கை, உடன்படிக்கையில் போடும் கையெழுத்து. எடை 2.

நிலை 3, சட்டம்: நாடாளுமன்றச் சட்டம், அரசமைப்புப் பிரிவு, உடன்படிக்கைக்கு முறையான ஒப்புதல். எடை 3.

நிலை 4, பணமும் அதிகாரமும்: தனி நிதி ஒதுக்கீடு, கண்காணிக்கும் அமைப்பு, மீறினால் தண்டனை. எடை 4.

நிலை 4க்கு நல்ல எடுத்துக்காட்டு நார்வே. பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஆண், பெண் இரு பாலரும் 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று 2003இல் சட்டம் கொண்டுவந்தது. கீழ்ப்படியாத நிறுவனத்தைக் கலைக்கவும் அதில் வழி வைத்தது. சுவீடன் 1974இல் மகப்பேறு விடுப்பைத் தந்தையும் எடுக்கக்கூடிய, ஊதிய ஈட்டுடன் கூடிய பெற்றோர் விடுப்பாக மாற்றியது. அங்கே பணமே பேசுகிறது.

படி 4: 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுங்கள்

ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மதிப்பெண். தேடியும் எதுவும் இல்லையென்று உறுதியானால் 0. பெயரளவுக்கு மட்டும் என்றால் 1. தெளிவாக, ஆனால் துறையின் ஒரு பகுதிக்கு மட்டும் என்றால் 2. தெளிவாகவும் முழுமையாகவும் இருந்தால் 3.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். அமெரிக்காவின் கையெழுத்து நிலை 2இல் மட்டும் சேரும். இந்த உடன்படிக்கையைப் பொறுத்தவரை நிலை 3இல் அதற்கு எதுவும் இல்லை. சவுதி அரேபியா நிலை 3க்கு வந்துவிட்டது, ஆனால் அத்தனை விரிவான விலக்குக் குறிப்பு இருப்பதால் 3க்குப் பதில் 1தான் கிடைக்கும். உடன்படிக்கைப் பட்டியலில் "இணைந்தது" என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிடாமல், கீழே இருக்கும் குறிப்புகளையும் படியுங்கள்.

சட்டங்களில் அமலுக்கு வரும் நாளையும் பாருங்கள். இந்தியாவின் 106ஆவது அரசமைப்புத் திருத்தம் (2023) மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. இப்படி நிபந்தனையோடு வரும் சட்டத்துக்கு நான் 2 தருவேன்.

இன்னொன்று: சான்று கிடைக்கவில்லை என்பதும் 0 என்பதும் ஒன்றல்ல. ஆவணங்களை இணையத்தில் ஏற்றாத நாடுகளும், ஆங்கிலத்தில் வெளியிடாத நாடுகளும் நிறைய. அவற்றுக்கெல்லாம் 0 போட்டால் உங்கள் பட்டியல் இணையதளங்களின் தரத்தைத்தான் அளக்கும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

படி 5: யார் கொடுத்தது, எப்போது, இன்னும் நிற்கிறதா?

ஒவ்வொரு சான்றுக்கும் பக்கத்தில் மூன்று சிறு பத்திகள் சேருங்கள்.

முதல் பத்தியில், சமிக்ஞை யாரிடமிருந்து வந்தது என்று குறியுங்கள். ஒருபாலினத் திருமணத்தை நெதர்லாந்து 2001இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக உலகிலேயே முதலில் ஏற்றது. தென்னாப்பிரிக்கா 2006இலும் தைவான் 2019இலும் சட்டம் இயற்றின. இரண்டிலும் அதற்கு முன்பே நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அயர்லாந்தில் 2015இல் மக்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். முடிவு ஒன்றுதான், ஆனால் பேசியது யார் என்பது மாறுகிறது. அரசின் விருப்பத்தை மட்டும் அளப்பதானால், நீதிமன்றத்தால் வந்தவற்றைத் தனியே வடிகட்ட இந்தப் பத்தி உதவும்.

இரண்டாவது பத்தியில் ஆண்டு.

மூன்றாவதில் அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பது. சுவீடன் 2014இல் பெண்ணிய வெளியுறவுக் கொள்கையை அறிவித்தது. 2022இல் வந்த புதிய அரசு அதைக் கைவிட்டது. 2018ஆம் ஆண்டுக்கான கணக்கில் அது இருக்க வேண்டும், 2023க்கான கணக்கில் இருக்கக் கூடாது.

எதிர்த்திசையில் போகும் செயல்களைக் கழிக்காதீர்கள்; "எதிர்ச் சமிக்ஞை" என்று தனிப் பத்தியில் எழுதுங்கள். சட்டப்படி பாலினத்தை மாற்றிப் பதியும் வழியை ஹங்கேரி 2020இல் மூடியது. அதைக் கழித்துவிட்டால், எதுவுமே செய்யாத நாடும் இரு பக்கமும் இழுபடும் நாடும் ஒரே எண்ணில் வந்து நிற்கும்.

படி 6: இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிடுங்கள்

நண்பர் ஒருவரிடம் உங்கள் விதிகளைக் கொடுத்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் மதிப்பெண் போடுங்கள். 40 கட்டங்களில் 34இல் ஒத்துப்போனால் 85 விழுக்காடு. ஆனால் தற்செயலாகவே பாதி ஒத்துப்போயிருக்கலாம். அதைக் கழிப்பதுதான் கோஹன் கப்பா: (0.85 − 0.50) ÷ (1 − 0.50) = 0.70. இது ஓரளவு நல்ல எண். இதைவிட மிகக் குறைந்தால், நண்பரோடு வாதாடுவதைவிட விதிகளைத் திருத்துவதே மேல்.

படி 7: கணக்கு

ஒரு துறைக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் 3 × (1 + 2 + 3 + 4) = 30. கற்பனையாக இரண்டு நாடுகளை எடுத்துக்கொள்வோம். "அ" நாட்டின் மதிப்பெண்கள் வரிசையாக 3, 3, 1, 0. "ஆ" நாட்டுக்கு 1, 1, 3, 2. வெறுமனே கூட்டினால் இரண்டுக்கும் 7. எடையோடு பெருக்கினால் "அ" நாட்டுக்கு 3 + 6 + 3 + 0 = 12; அதாவது நூற்றுக்கு 40. "ஆ" நாட்டுக்கு 1 + 2 + 9 + 8 = 20; நூற்றுக்கு 66.7. நிறையப் பேசும் நாடும் குறைவாகப் பேசிச் செலவு செய்யும் நாடும் இங்கேதான் பிரிகின்றன. நான்கு துறைகளின் சராசரியை எடுத்தால் நாட்டின் மொத்த எண் கிடைக்கும். ஆனால் துறைவாரி எண்களையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

படி 8: எடையை மாற்றிப் பாருங்கள்

1, 2, 3, 4 என்பது நான் வைத்த எடை. 1, 1, 2, 2 என்று மாற்றினால் உச்சம் 18, "அ" 44.4, "ஆ" 66.7. வரிசை மாறவில்லை. உங்கள் பட்டியலில் எடையை மாற்றியதும் எந்த நாடுகள் இடம் மாறுகின்றனவோ, அவற்றின் தரவரிசையை வெளியிடாமல் "இந்த இடத்துக்கும் இந்த இடத்துக்கும் நடுவே" என்று மட்டும் எழுதுங்கள்.

படி 9: ஏற்கெனவே இருக்கும் அளவீடுகளோடு ஒப்பிடுங்கள்

பெண்கள், தொழில், சட்டம் பற்றிய உலக வங்கியின் ஆய்வு 190 பொருளாதாரங்களை நூற்றுக்கு மதிப்பிடுகிறது. 2024 பதிப்பிலிருந்து சட்டம், அதை நடைமுறைப்படுத்தும் அமைப்புகள், வல்லுநர்களின் கருத்து ஆகிய மூன்றையும் தனித்தனியே தருகிறது. உங்கள் பெண்கள் துறையின் நிலை 3ஐ அதன் சட்ட எண்ணோடும், நிலை 4ஐ அமைப்பு எண்ணோடும் ஒரு புள்ளி வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். தேர்தல் அறிக்கைகளை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து வகைப்படுத்தும் மேனிஃபெஸ்டோ ப்ராஜெக்ட், நிலை 2க்கு உதவும். மக்களின் மனப்பாங்கைக் கேட்கும் உலக மதிப்புகள் ஆய்வை மட்டும் இந்தச் சமிக்ஞைக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். அதில் பேசுவது அரசு அல்ல. விளைவுப் பத்திக்குப் பக்கத்தில் மூன்றாவது பத்தியாக அதை வைக்கலாம்.

புள்ளிக் கூட்டத்திலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும் நாடுகளை முதலில் எடுத்து, அவற்றின் சான்றுகளை மறுபடி படியுங்கள். விதிகளில் இருக்கும் ஓட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும்.