பித்தப்பை வழக்கமான இடத்தில் இல்லையென்றால்: லேப்ராஸ்கோப்பியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலப்பக்க மேல்வயிற்றில் வலி. அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் ‘பித்தப்பை சுருங்கியுள்ளது, கல் இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறது. இதை மட்டும் நம்பி, பித்தப்பையை நீக்கும் லேப்ராஸ்கோப்பிக்கு (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) நாள் குறிப்பதுதான் முதல் தவறு. பிறவியிலேயே பித்தப்பை இல்லாத மிகச் சிலருக்கும் இதே மாதிரி அறிக்கை வருவதுண்டு. குடலில் உள்ள வாயு, கல்லும் அதன் நிழலும் போல ஸ்கேனில் தெரிந்துவிடும். பித்தப்பையின் உருவம் தெளிவாகத் தெரியவில்லை என்றால், முதலில் எம்ஆர்சிபி (பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

சரி, கேமரா உள்ளே போன பிறகுதான் பித்தப்பையைக் காணோம் என்று தெரிகிறது. அப்போது தோண்டித் தேடவே கூடாது. இல்லாத உறுப்பைத் தேடிக் கல்லீரலின் அடியில் திசுக்களைப் பிரித்துக்கொண்டே போனால், கத்தரியில் சிக்குவது பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளமோ கல்லீரல் தமனியோதான். பித்தநாளம் அறுந்தால் நோயாளி பல வருடங்கள் அவதிப்பட நேரும். இடப்பக்கத்திலோ கல்லீரலுக்குள்ளோ பித்தப்பை ஒளிந்திருக்கிறதா என்று கண்ணாலும், வசதி இருந்தால் லேப்ராஸ்கோப்பி அல்ட்ராசவுண்டாலும் பார்க்கலாம். அப்படியும் காணவில்லையென்றால் அத்தோடு நிறுத்திவிட்டு, பிறகு எம்ஆர்சிபியில் உறுதிசெய்யலாம். வயிற்றைத் திறந்து தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

இடப்பக்கப் பித்தப்பை வேறு விதமாக ஏமாற்றும். வலி என்னவோ வலப்பக்கம்தான் வரும், அதனால் பலருக்கு ஆபரேஷன் மேசையில்தான் விஷயம் தெரிகிறது. வழக்கமான துளைகளோடு மல்லுக்கட்டாமல், தேவைப்பட்டால் துளையின் இடத்தை மாற்றவோ கூடுதலாக ஒன்று போடவோ தயங்கக் கூடாது. பித்தப்பைக் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்பதும் இவர்களில் மாறுபடும்.

இரட்டைப் பித்தப்பை ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பார்கள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை விட்டுவந்தால் வலி தொடரலாம்.

1995-இல் சர்ஜன் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் முன்வைத்த விதி, இப்படிப் பித்தப்பை மாறுபட்டிருப்பவர்களுக்கு இன்னும் முக்கியம்: கொழுப்பையும் திசுவையும் நீக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, இரண்டே அமைப்புகள் (பித்தப்பைக் குழாயும் பித்தப்பைத் தமனியும்) அதற்குள் போவதைக் காணும்வரை கிளிப் போடக் கூடாது. மூன்றாவதாக ஒன்று தெரிந்தால் கையை நிறுத்திவிட்டு, ஆபரேஷன் நடக்கும்போதே பித்தநாள எக்ஸ்ரே எடுக்க வேண்டும். குழப்பம் தீரவில்லையா? அனுபவமுள்ள இன்னொரு சர்ஜனை உடனே கூப்பிடலாம்.

அப்புறம், பலர் விட்டுவிடும் ஒன்று: பித்தப்பை இல்லை என்று உறுதியானால், டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘பிறவியிலேயே பித்தப்பை இல்லை’ என்று தெளிவாக எழுதி, நோயாளிக்கும் புரியவைக்க வேண்டும். எழுதாவிட்டால், அடுத்த முறை வலி வரும்போது வேறொரு மருத்துவர் அதே ஸ்கேனைப் பார்த்து அதே ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்.