சில்வியா பிளாத்தைத் தேதி பார்த்துப் படிப்பது

அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத்தை வாசிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்ட 1963 பிப்ரவரி 11-ஐ மனதில் வைத்துக்கொண்டே புத்தகத்தைத் திறக்கிறார்கள். பிறகு எந்த வரியைப் படித்தாலும் சாவுதான் தெரிகிறது. அந்த வரியைச் செதுக்கிய கை தெரிவதில்லை.

அவருடைய 'ஏரியல்' கவிதைத் தொகுப்பை வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். 1965-இல் வந்தது கணவர் டெட் ஹ்யூஸ் மாற்றியமைத்த வரிசை. பிளாத் தொகுத்து வைத்துவிட்டுப் போன 40 கவிதைகள் அவருடைய வரிசையிலேயே கிடைப்பது 2004 பதிப்பில்தான். அது 'அன்பு' என்ற சொல்லில் தொடங்கி 'வசந்தம்' என்ற சொல்லில் முடிகிறது. இதையே வாங்குங்கள். கவிதைகளைக் காலவரிசையில் தரும் 1981-இன் முழுத் தொகுப்பும் பக்கத்தில் இருக்கட்டும்.

1962 அக்டோபரில் ஆரம்பியுங்கள். மணவாழ்க்கை முறிந்து, இங்கிலாந்தின் டெவனில் இரண்டு குழந்தைகளோடு இருந்த பிளாத், அவர்கள் விழிக்கும் முன் விடியலில் எழுதினார். 3-ஆம் தேதியிலிருந்து 9-ஆம் தேதிக்குள் ஐந்து தேனீக் கவிதைகள். நாளுக்கு ஒன்று போதும். பூட்டிய தேனீப் பெட்டி வந்து இறங்கும் கவிதையை வாய்விட்டுப் படியுங்கள்: கவிதையில் பேசுபவள் பயந்துகொண்டே பெட்டியில் காதை வைத்துக் கேட்கிறாள், நாளைக்குத் திறந்துவிடுவேன் என்கிறாள். பிளாத்தின் அப்பா ஓட்டோ தேனீ ஆராய்ச்சியாளர் என்பது தெரிந்தால் அந்தப் பெட்டி இன்னும் கனக்கும்.

அடுத்து, அக்டோபர் 12-இல் எழுதிய 'டாடி'. பலர் சறுக்கும் இடம் இது. அப்பாவைப் புதைத்தபோது தனக்குப் பத்து வயது என்கிறாள் கவிதையில் பேசுபவள். 1940-இல் ஓட்டோ இறந்தபோது பிளாத்துக்கு எட்டு. கவிதையில் வரும் அப்பா நாஜி. ஓட்டோவோ ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில் குடியேறியவர். இப்படிப் பொருந்தாத இடங்களையெல்லாம் பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். கவிதைக்காக அவர் எதை மாற்றினார் என்பது அங்கேதான் பிடிபடும். சொந்த வாழ்க்கையை வெளிப்படையாகச் சொல்லும் 'ஒப்புதல் கவிதை' என்ற பெயரை நம்பி ஒவ்வொரு வரியையும் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டால் இந்த உழைப்பு முழுவதும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

நாட்குறிப்புகளுக்கு 2000-இல் வந்த முழுப் பதிப்பு நல்லது. ஆனால் பிளாத்தின் கடைசி மாதங்களின் நோட்டை அழித்துவிட்டதாக ஹ்யூஸே எழுதியிருக்கிறார். அந்த மாதங்களுக்கு 2018-இல் வந்த கடிதங்களின் இரண்டாம் தொகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

1963 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 5 வரையிலான கவிதைகளைக் கடைசிக்கு வையுங்கள். பகலில், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். மனம் சரியில்லாத நாட்களில் அந்தப் பக்கங்களைத் தொடாதீர்கள். நெருக்கமான யாரிடமாவது பேசுங்கள்.