பழைய பயணிகள் ஃபெர்ரியைப் படமெடுத்துப் பின்தொடர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பது நாற்பது ஆண்டுகளாக ஒரே இரண்டு துறைகளுக்கிடையே போய்வந்துகொண்டிருக்கும் பயணிகள் ஃபெர்ரி ஒன்று விரைவில் ஓய்வுபெறப் போகிறது என்ற பேச்சு எழுந்தவுடன், அதன் மீது பற்றுக்கொண்டவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு துறைமேடைக்கு ஓடுவது வழக்கம். முதல் தவறு அந்த ஓட்டத்திலேயே இருக்கிறது. கடைசிப் பயணத்தன்று எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். தோரணக் கொடிகள், கையசைக்கும் கூட்டம், தண்ணீர் பீய்ச்சும் இழுவைப் படகு ஆகியவை எல்லோரிடமும் கிடைக்கும். அதே கப்பல் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் லாரிகளை எந்த ஒழுங்கில் ஏற்றியது, பயணிகள் கூடத்தின் நாற்காலிகள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன, படிக்கட்டுச் சுவரில் தொங்கிய தள வரைபடம் எப்படி இருந்தது என்பவற்றுக்குப் பிற்காலத்தில் ஒரு படம்கூட அகப்படாது. ஆகவே சேவை நடந்துகொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முறையாவது, யாரும் கவனிக்காத நாளில் அதில் ஏறிப் பயணம் செய்து படமெடுத்துவைப்பதுதான் முறையான தொடக்கம்.

அடுத்தது, பெயரை நம்புவது. ஃபெர்ரிகள் கைமாறும்போதெல்லாம் பெயர் மாறுகின்றன. 1994 செப்டம்பர் 28 அன்று பால்டிக் கடலில் 852 உயிர்களைப் பலிகொண்டு மூழ்கிய எஸ்டோனியா, 1980இல் வைக்கிங் சாலி என்ற பெயரில் சேவைக்கு வந்தது. பிறகு சில்யா ஸ்டார் ஆகி, வாசா கிங் ஆகி, 1993இல்தான் எஸ்டோனியா ஆயிற்று. பதினான்கு ஆண்டுகளில் நான்கு பெயர் தாங்கிய கப்பலைப் பெயரை வைத்து மட்டும் தேடுபவருக்கு அதன் வாழ்க்கையின் ஒரு பகுதிதான் கிடைக்கும். உடையவர், கொடி, பெயர் ஆகிய மூன்றும் மாறினாலும் மாறாதது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏழிலக்க ஐ.எம்.ஓ. எண் மட்டுமே. 1987இல் அறிமுகமாகி, 1996 முதல் கட்டாயமாக்கப்பட்ட இந்த எண், 2004க்குப் பிறகு கப்பலின் வெளிப்புறத்திலும் நிரந்தரமாகப் பொறிக்கப்பட வேண்டியதாயிற்று. பயணிகள் கப்பல்களில் வானிலிருந்து பார்த்தால் தெரியும்படி மேல்தளத்திலும் அதனை எழுதியிருப்பார்கள். பின்பகுதியின் படத்தில் இந்த எண் படிக்கக்கூடியதாக இருந்தால் அந்தப் படம் எந்தக் காலத்திலும் அநாதையாகாது.

குறிப்பெடுக்கும்போது இலக்கம் இடம் மாறிவிட்டதா என்று சரிபார்க்கவும் எளிய வழி உண்டு. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையின் கடைசி இலக்கமே எண்ணின் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். 9074729 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால் தொகை 139, கடைசி இலக்கம் 9, எண் சரி. மிகச் சிறிய படகுகளுக்கும் உள்நாட்டு நீர்வழிப் படகுகளுக்கும் இந்த எண் இல்லாமல் போகலாம். அவற்றுக்குக் கட்டிய கப்பல்கட்டும் தளத்தின் பெயரும் அத்தளம் கொடுத்த வரிசை எண்ணுமே அடையாளம். அவை பொறித்த உலோகத் தகடு, பல அடுக்கு வண்ணப் பூச்சுக்கு அடியில் புதைந்தபடியேனும், மேல்கட்டின் முகப்பில் பெரும்பாலும் இருக்கும். அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், பழைய பெயரின் எழுத்துகள் பற்றவைப்பு மேடாக வண்ணத்துக்குக் கீழே தெரிவதும் உண்டு. பக்கவாட்டு வெளிச்சம் விழும் காலையிலோ மாலையிலோ எடுத்த படத்தில் அவற்றைத் தெளிவாகவே படித்துவிடலாம்.

ஒரே வரைபடத்தில் கட்டப்பட்ட சகோதரிக் கப்பல்களை மாற்றி எழுதுவதும் இதன் தொடர்ச்சியே. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சீபுரூக் துறைக்கு வெளியே கவிழ்ந்து 193 உயிர்களைப் பலிகொண்ட ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைசுக்கு, அதே 1980இல் வந்த ஸ்பிரிட், பிரைடு என்ற இரண்டு சகோதரிகள் இருந்தன. பெயர்ப் பலகை தெரியாத பழைய படமொன்றில் இத்தகைய கப்பல்களைப் பிரித்தறிய, சாளரங்களின் வரிசை, காற்றோட்டக் குழாய்களின் இடம், உயிர்காப்புப் படகுகளின் எண்ணிக்கை, புகைபோக்கியின் விளிம்பு போன்ற சிறு வேறுபாடுகளைத்தான் நாட வேண்டும். அதனால் ஒரு கப்பலின் இரண்டு பக்கங்களையும் தனித்தனியே எடுத்துவைக்க வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடிப் பிம்பம்போல் இருக்கும் என்று எண்ணி ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர். ஃபெர்ரிகளில் அந்த ஒழுங்கு பெரும்பாலும் இருப்பதில்லை.

வயதைக் கணக்கிடுவதிலும் குழப்பம் மிகுதி. அடிமரம் (கீல்) வைத்த நாள், நீரில் இறக்கிய நாள், உடையவரிடம் ஒப்படைத்த நாள், முதல் பயண நாள் என நான்கு தேதிகள் இருக்க, ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்ததைக் ‘கட்டிய ஆண்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். டாங்கனிக்கா ஏரியின் லியம்பாவைப் பாருங்கள். ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் 1913இல் கட்டி, பிரித்து, பெட்டிகளில் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி, ஏரிக்கரையில் மறுபடி பூட்டி 1915இல் நீரில் இறக்கிய கப்பல் அது. 1916இல் ஜெர்மானியரே அதை மூழ்கடித்தனர். 1924இல் பிரிட்டிஷார் மேலே எடுத்தனர். 1927இல் இப்போதைய பெயருடன் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. நீராவி இயந்திரங்களும் பிற்காலத்தில் டீசலுக்கு இடம் கொடுத்தன. இதன் வயது எந்த ஆண்டிலிருந்து? எந்த ஆண்டைச் சொன்னாலும், அது எந்த நிகழ்வின் ஆண்டு என்று சேர்த்துச் சொல்வதே பிழையற்றது. (எஸ்டோனியாவைக் கட்டியதும் இதே பாப்பன்பர்க் தளம்தான்.)

மொத்த டன் அளவைக் கப்பலின் எடை என்று எழுதுவது பரவலான பிழை. அது உள்ளடங்கிய கொள்ளளவைக் குறிப்பது. இந்த அளவீடு பற்றிய 1969ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை 1982இல் நடைமுறைக்கு வந்து, பழைய கப்பல்களுக்கு 1994 வரை அவகாசம் கொடுத்தது. அளக்கும் முறை அப்போது மாறியதால், வாகனத் தளங்களைக் கொண்ட ஃபெர்ரிகளின் எண் ஒரு தகடுகூடச் சேர்க்காமலே பெரிதும் உயர்ந்தது. இரு பட்டியல்களின் எண்களை ஒப்பிட்டு ‘கப்பலைப் பெரிதாக்கிவிட்டார்கள்’ என்று எழுதும்முன் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பின்தொடர்வதற்கு இன்று பெரும்பாலோர் நம்பியிருப்பது ஏ.ஐ.எஸ். என்னும் தானியங்கி அடையாள ஒலிபரப்பை. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வதந்திகளில் பாதி இதைத் தவறாகப் படிப்பதால் பிறக்கின்றன. ஓடும் கப்பலின் கருவி, வேகத்தைப் பொறுத்து 2 முதல் 10 வினாடிகளுக்கு ஒரு முறை தன் இருப்பிடத்தை வி.எச்.எஃப். வானலையில் அனுப்புகிறது, நங்கூரமிட்டிருக்கும்போது 3 நிமிடங்களுக்கு ஒரு முறைதான் அனுப்புகிறது. பெயர், சேருமிடம், நீரில் அமிழ்ந்துள்ள ஆழம் ஆகிய விவரங்கள் 6 நிமிடங்களுக்கு ஒரு முறை வருகின்றன. இவற்றுள் சேருமிடத்தைக் கப்பலில் உள்ளவர் கையால் தட்டச்சு செய்கிறார். மறந்துபோனால் நேற்றைய துறையின் பெயரே இன்றும் நிற்கும். சேருமிடம் மாறியதை மட்டும் பார்த்துக் கப்பல் விற்கப்பட்டுவிட்டது என்று அறிவிப்பது அவசரம். அதுபோலவே, இந்த அலை ஏறக்குறைய தொடுவானம் வரைதான் செல்லும். கரையோர ஏற்பிகள் இல்லாத கடற்பகுதியில் கப்பல் வரைபடத்திலிருந்து மறைந்தால், கரைநிலைய ஏற்பிக்கு எட்டவில்லை என்பதே அதன் முதற்பொருள்.

கொடி மாறினால் கப்பலின் வானொலி அடையாளமான ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண்ணும் மாறும், ஏனெனில் அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை. அந்த எண்ணை மட்டும் சேமித்துவைத்திருப்பவருக்கு, விற்பனைக்குப் பின் கப்பல் காணாமற்போனதுபோலத் தோன்றும். ஆண்டுதோறும் சில வாரங்கள் ஃபெர்ரி தடத்தை விட்டு விலகுவதும் இயல்பான செயலே: பயணிகள் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழ் 12 மாதங்களுக்கு மேல் செல்லாது என்பதால் ஆய்வும் பழுதுபார்ப்பும் ஒவ்வோர் ஆண்டும் நடந்தாக வேண்டும். கட்டணம் குறைவாக வரும் மாதங்களில் உலர்துறைக்குப் போன கப்பலை ‘இனித் திரும்பாது’ என்று என் குறிப்பேட்டில் நானே ஒரு முறை எழுதிவைத்தேன். ஐந்து வாரம் கழித்துப் புதுப் பூச்சுடன் அது திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை.

துருவைப் பற்றிய தவறு இரு திசையிலும் நடக்கிறது. நங்கூரத் துளையின் கீழும் வடிகால்களின் கீழும் வழியும் செம்பழுப்புக் கோடுகள் டெலி லென்ஸில் அச்சமூட்டும்படி தெரியும். தகட்டின் தடிமன் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதை அக்கோடுகள் சொல்வதில்லை. ஆய்வாளர்கள் அதை மீயொலிக் கருவியால் அளக்கிறார்கள். குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பும்போது வரும் கரும்புகையும் தனியே ஒரு நோய்க்குறி அல்ல. மறுபக்கம், பற்று மிகுந்தவர்கள் தம் கப்பலைப் பற்றிய நியாயமான கேள்விகளையும் அவதூறாக எண்ணிவிடுகிறார்கள். 1994இல் ஜப்பானில் கட்டப்பட்டு, 2012இல் தென்கொரியாவுக்கு விற்கப்பட்ட சேவோல், அங்கே கூடுதல் அறைகள் சேர்க்கப்பட்டதால் நிலைத்தன்மை குறைந்து, அளவுக்கு மீறிய சரக்குடன் 2014 ஏப்ரல் 16 அன்று கவிழ்ந்தபோது 304 பேர் இறந்தனர். ஆகவே ஒரு பழைய ஃபெர்ரியின் மேல்கட்டு எந்த ஆண்டில் உயர்ந்தது, பின்பகுதியில் நிலைத்தன்மைக்கான மிதவைப் புடைப்பு எப்போது சேர்ந்தது என்பவற்றைத் தேதியுடன் படமெடுத்துவைப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. எஸ்டோனியா விபத்துக்குப் பின் வந்த 1996ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை நிறைவுசெய்யவே ஐரோப்பிய ஃபெர்ரிகள் பலவற்றில் அத்தகைய புடைப்புகள் பொருத்தப்பட்டன. அதை அறியாதவர், பழைய அழகைக் கெடுத்துவிட்டார்கள் என்று மட்டும் வருந்துவார்.

இனிப் படமெடுக்கும் முறை. வெள்ளை மேல்கட்டுக் கொண்ட கப்பலை இருண்ட மலையையோ கருமேகத்தையோ பின்னணியாக வைத்து, கேமராவின் தானியங்கி அளவீட்டில் எடுத்தால், வெள்ளைப் பகுதி விவரமே இல்லாமல் வெளுத்துவிடும். வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்து, கேமரா பதப்படுத்தாமல் பதியும் ரா கோப்பாக எடுப்பது பாதுகாப்பானது. நண்பகலில் நீர்ப்பரப்பின் மேல் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து பெரிய லென்ஸில் எடுத்த படம் மங்கலாக இருந்தால் லென்ஸைக் குறை சொல்லக் கூடாது. இடையிலுள்ள காற்று கொதித்துக்கொண்டிருக்கிறது, அதற்குக் கப்பலின் அருகே செல்வதோ அதிகாலையில் வருவதோதான் மருந்து. கப்பலின் மேலிருந்து எடுக்கும்போது முழங்கையைக் கைப்பிடிக் கம்பியில் ஊன்றினால் இயந்திர அதிர்வு முழுவதும் படத்தில் இறங்கும். கால்களைச் சற்று மடக்கி, உடம்பையே அதிர்வுதாங்கியாக்கி நின்று எடுப்பதே நல்லது. லென்ஸில் தெறித்த உப்புநீரை உலர்ந்த துணியால் தேய்ப்பவர் உப்புக் கற்களால் கண்ணாடியைக் கீறுகிறார். முதலில் நன்னீரால் நனைத்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். தொடுவானம் சாய்ந்திருந்தால் கப்பலே சாய்ந்ததுபோலத் தோன்றும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் சாய்ந்த படங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஓடும் ஃபெர்ரியிலிருந்து ட்ரோனை ஏவுவது, அனுமதி கிடைத்தாலும், புத்திசாலித்தனம் அன்று. தொடர்பு அறுந்தால் தானாகத் திரும்பும் ட்ரோன், பொதுவாகத் தான் கிளம்பிய புள்ளிக்கே திரும்பும். அப்புள்ளியில் அப்போது கப்பல் இருக்காது, கடல்தான் இருக்கும். கரையிலோ வேறு ஆபத்து: துறையில் இறுகிக் கட்டிய நைலான் வடம் அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி வீசும், எனவே கட்டுத்தூண்களுக்கும் வடங்கள் செல்லும் நேர்க்கோட்டுக்கும் அருகில் நின்று எடுக்கக் கூடாது. சிறு படகில் அணியத்தின் முன்னால் குறுக்கிடுபவர்கள், அந்த உயரத்திலிருக்கும் மாலுமிக்குத் தாங்கள் தெரியவே மாட்டார்கள் என்பதை உணர்வதில்லை. 2004 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சர்வதேசக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகளின்படி வேலியிட்ட பகுதிக்குள் நுழைவதும், பயணத்தின்போது மூடப்பட்ட வாகனத் தளத்துக்குள் இறங்குவதும் அந்தத் துறையில் படமெடுக்கும் மற்றெல்லோருக்கும் சேர்த்தே கதவை அடைத்துவிடும்.

கப்பல் உண்மையிலேயே உடைப்புக்குப் போகும்போது செய்யும் பிழைகளும் உண்டு. கடைசிப் பயணத்துக்குப் பெயரின் ஓரிரு எழுத்துகளை அழித்துப் புதுப் பெயராக்கி, கொடியையும் மாற்றி அனுப்புவது நெடுங்கால வழக்கம் என்பதால், ஐ.எம்.ஓ. எண்ணின்றித் தேடுபவர் இங்கேதான் பெரும்பாலும் தடத்தை இழக்கிறார். 1983 முதல் கப்பல் உடைக்கும், குஜராத்தின் அலாங் போன்ற கரைகளில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய கடலின் பெரும் ஏற்றத்தில்தான் பெரிய கப்பல்களைத் தரையேற்றுகிறார்கள். ஆகவே அருகே வந்து நங்கூரமிட்டு நாள்கணக்கில் காத்திருக்கும் கப்பலைக் கண்டு ‘பேரம் முறிந்துவிட்டது, தப்பித்துவிட்டது’ என்று மகிழ்வது பெரும்பாலும் நாள்காட்டியைப் பாராததன் விளைவு. தரையேறிய நாள் ஒன்று, வெட்டத் தொடங்கிய நாள் வேறொன்று, கடைசித் தகடு அகன்ற நாள் பல மாதங்கள் கழித்து வருவது. மூன்றையும் ஒரே தேதியாக எழுதாமல், உறுதியாகத் தெரிந்ததை மட்டும் அதன் பெயரிட்டு எழுதி, எதுவும் உறுதியாகாவிட்டால் கப்பல் கடைசியாக எங்கே, எந்த நாளில் கண்ணுக்குப் பட்டது என்று குறித்தால் போதுமானது.