பேக்பிளேட் வாங்கும் முன் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள்

ஸ்கூபா டைவிங்கில் சிலிண்டரை முதுகில் தாங்கும் பேக்பிளேட்டை வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். பட்டை நுழையும் துளைகளின் உள்விளிம்பில் கொஞ்சம் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள் (விரல் வேண்டாம், கிழித்துவிடும்). இழை சிக்கினால் பிசிறு (வெட்டிய விளிம்பில் நீட்டி நிற்கும் கூர்மையான துணுக்கு) சரியாக நீக்கப்படவில்லை என்று பொருள். அந்த விளிம்பு நைலான் பட்டையை ரம்பம்போல மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். பழைய ஹார்னஸ் (தகட்டை உடலோடு கட்டும் பட்டைகள்) என்றால், பட்டை துளைக்குள் வளையும் இடத்தில்தான் நூல் முதலில் பிரிந்து நிற்கும்.

துருப்பிடிக்காத எஃகுத் தகடா? 316 ரகமா என்று கேளுங்கள். அதிலுள்ள மாலிப்டினம் உப்புநீர் அரிப்பை நன்றாகத் தாங்கும். நடுவிலுள்ள இரு துளைகளுக்கு இடைவெளி 11 அங்குலம். அது பிசகினால், நீரில் மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுப்பை பொருந்தாது. கருவிகளை மாட்டும் டி (D) வடிவ வளையத்தின் பற்றவைப்பில் விரிசல் தெரிந்தால் பேரமே பேசாதீர்கள்.