ஒரு கூத்து, ஐம்பது கேசட்: சிறிய ஒலிநாடா வெளியீட்டைத் தொடங்குவது எப்படி?

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், முகவீணை என்ற சிறிய ஊதுகுழலின் ஒலி இரண்டு நாள் காதைவிட்டு அகலாது. மூன்றாம் நாள் மறைந்துவிடும். கைபேசியில் எடுத்த காணொளியைத் தேடிப் போட்டுப் பார்த்தால், கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனின் குரல் கரகரக்கும், முகவீணை இருந்த இடமே தெரியாது. எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த ஒரு பழைய கூத்து கேசட்டை ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். முப்பது ஆண்டுக்கு முன் எங்கள் ஊர்க் களத்தில் யாரோ பதிந்தது. நாடா இரைந்தது, ஆனால் ஹார்மோனியம் எங்கே இருந்தது, பின்பாட்டுக்காரர் எந்தப் பக்கம் நின்றார் என்பதுகூடக் காதுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் வட்டாரக் கூத்துகளைப் பதிந்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது கேசட்டுகள் மட்டும் வெளியிட்டு வருகிறேன். முதன்முறையாக இதில் இறங்குகிறவர்களுக்காக, செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எல்லையைச் சிறிதாக வையுங்கள்

ஒரு குழு, ஓர் இரவு, ஐம்பது பிரதிகள். தொடங்க இது போதும். அமெரிக்காவின் ஒலிம்பியா நகரில் 1982இல் கால்வின் ஜான்சன் கே ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது, முதல் வெளியீடு உள்ளூர்க் குழு ஒன்றின் கேசட்தான். தன் ஊரில் நடப்பதைத் தன் ஊராருக்கு முதலில் கொடுப்பது என்ற அந்த முறை கூத்துக்கும் நன்றாகப் பொருந்துகிறது. வில்லுப்பாட்டு, பறை, நாகசுரம் என்று உங்கள் ஊரில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பலமுறை கேட்டுப் பழகிய கலையாக இருக்கட்டும். எந்த நேரத்தில் ஒலி எகிறும், எங்கே அடங்கும் என்று தெரியாமல் நல்ல பதிவு எடுக்க முடியாது.

2. வெற்றிலை பாக்கோடு போங்கள்

கருவி வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. கூத்துக்குத் தாம்பூலம் கொடுத்துத்தான் குழுவை அழைப்பார்கள். பதிவுக்கும் அதே மரியாதையோடு, குழுவை நடத்தும் வாத்தியாரைப் போய்ப் பாருங்கள். கூத்து நாளில் வேடம் கட்டும் நேரத்தில் போய்க் கேட்காதீர்கள். ஒரு வாரம் முன்பே வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். விழாக் குழுவிடமும் தனியே சொல்லிவிடுங்கள்.

பேசி முடித்ததை ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை பிரதி, என்ன விலை, குழுவுக்கு எவ்வளவு, இணையத்தில் ஏற்றலாமா கூடாதா, மறுபடி பிரதி எடுப்பதென்றால் யாரைக் கேட்க வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 நிகழ்த்துகிற கலைஞருக்குத் தனி உரிமை தருகிறது. அது 50 ஆண்டுகள் நீடிக்கும். ஊர்ப் பொதுவில் நடந்த கூத்து என்பதால் யாரும் பதிந்து விற்கலாம் என்று ஆகிவிடாது. இன்னொன்று: கட்டியங்காரன் நடுவே சினிமாப் பாட்டின் மெட்டைப் பாடுவது உண்டு. மக்கள் மிகவும் ரசிக்கும் இடம் அது. ஆனால் அந்தப் பாட்டின் உரிமை வேறொருவருடையது. கேசட்டில் அந்தப் பகுதியைச் சேர்க்காதீர்கள்.

3. கருவிகள்

கேசட்டில் வெளியிடுவதால் களத்திலும் கேசட்டிலேயே பதிய வேண்டும் என்பதில்லை. களத்துக்கு ஒரு கையடக்க டிஜிட்டல் பதிவுக் கருவி போதும். ஜூம், டாஸ்காம் ஆகிய நிறுவனங்களின் எளிய கருவிகளிலேயே இரண்டு மைக்குகள் சேர்ந்திருக்கும். அதோடு ஒரு முக்காலி, காற்று இரைச்சலைத் தடுக்கும் நுரை உறை, காதை மூடும் ஹெட்ஃபோன், இரண்டு இரவுக்குப் போதுமான பேட்டரி.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும். எட்டு மணி நேரக் கூத்துக்கு எட்டு ஜிபிக்கு மேல் போகும். 32 ஜிபி கார்டு இருந்தால் கவலையில்லை.

4. களத்தில் எங்கே நிற்பது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். என் முதல் பதிவில் கருவியை ஒலிபெருக்கிக்கு எதிரே வைத்தேன். சத்தம் அங்கேதானே வருகிறது என்று நினைத்தேன். கிடைத்தது கூம்பின் ஒலி மட்டும்: தொங்கும் மைக்குக்கு அருகே வந்தவரின் குரல் பாய்ந்தது, நகர்ந்தவரின் குரல் காணாமல் போனது, மிருதங்கத்தின் இடந்தலை அறவே இல்லை. பின்னால் ஜெனரேட்டர் இரவு முழுக்க முனகிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவை என்னால் வெளியிட முடியவில்லை.

ஒரு கிழவர் வழக்கமாகப் பாய் விரிக்கும் இடத்தைப் பாருங்கள். கூத்து ஆடும் களரிக்கு முன்னே, வாத்தியக்காரர்களுக்கு நேராக, முதல் வரிசையில் இருக்கும். கேட்டுப் பழகிய காது தேர்ந்தெடுத்த இடம் அது. அதன் ஓரமாக, யார் பார்வையையும் மறைக்காமல், உட்கார்ந்திருப்பவர் தலைக்குச் சற்று மேலே கருவியை நிறுத்துங்கள். ஆட்டக்காரரின் சலங்கை, பின்னால் பெஞ்சில் இருக்கும் ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை எல்லாம் அங்கே அதனதன் தூரத்தோடு கிடைக்கும். கூம்பு ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் ஊரை நோக்கி வெளியே திரும்பியிருப்பதால் களத்தின் நடுவில் அவற்றின் தாக்கம் குறைவு. நான்கு எட்டு இடம் வலமாக நகர்ந்தால் முகவீணை கூடும், தாளம் குறையும். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு நகர்ந்து நகர்ந்து கேட்டுப் பார்த்த பிறகே முக்காலியை ஊன்றுங்கள்.

மைக் செட்காரரிடம் நட்பாக இருங்கள். ஜெனரேட்டரைப் பத்து அடி தள்ளி, ஒரு சுவருக்குப் பின்னால் வைக்க அவர் ஒருவரால்தான் முடியும். அவருடைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து இணைப்பு எடுப்பதானால் மிக்சரின் வெளியீட்டிலிருந்து, அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பியைப் பதிவுக் கருவியில் செருகினால் கருவி கெட்டுவிடும்.

ஒலி அளவைக் களரி கட்டும்போதே வைத்துவிடுங்கள். வாத்தியங்கள் மட்டும் முழங்கும் அந்த நேரத்தில், மிக உரத்த அடி மைனஸ் 18 டெசிபலைத் தொட்டால் சரி (பதிவுக் கருவியில் பூஜ்யம்தான் உச்ச வரம்பு). ஏனென்றால், பிறகு திரைக்குப் பின்னிருந்து விருத்தம் பாடி, திரை விலகி வேடம் பாயும்போது ஒலி இரண்டு மடங்காகும். அப்போதும் மைனஸ் 12க்குச் சற்று மேலேதான் போகும். சிதையாது. தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். அது விருத்தத்தையும் வீர முழக்கத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து கூத்தின் மூச்சையே நிறுத்திவிடும்.

பிறகு கருவியைத் தொடாமல், ஒரு நோட்டில் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டிருங்கள். "2.40, கர்ணனும் பொன்னுருவியும் தர்க்கம், மிக நன்று" என்பதுபோல. மறுநாள் எட்டு மணி நேரப் பதிவுக்குள் வழி காட்டப்போவது அந்த நோட்டுத்தான்.

5. எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்

60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். ஒவ்வொரு பக்கத்தையும் 29 நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சிறந்த துண்டுகளைக் கோத்துவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூத்து மெல்ல மெல்ல ஏறுகிற கலை. ஒரே தர்க்கத்தை, அது வளர்கிற வேகத்திலேயே, ஒரு பக்கம் முழுக்க விடுங்கள்.

ஆடாசிட்டி இலவச மென்பொருள். வெட்டவும் ஒட்டவும் அது போதும். இரைச்சல் நீக்கும் வசதியைப் பயன்படுத்தாதீர்கள். அது முகவீணையின் காற்றையும் சேர்த்து உறிஞ்சிவிடும். குழந்தை அழுவதும், இன்னார் ஐம்பது ரூபாய் அன்பளிப்பு என்ற அறிவிப்பும் இருக்கட்டும். அந்த இரவு அப்படித்தான் இருந்தது. ஒரே ஒரு திருத்தம் தேவைப்படும். கைத்தாளத்தின் கூர்மையான ஒலியைச் சாதாரண ஃபெரிக் நாடா தாங்காது, பிசிறடிக்கும். 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இரண்டு மூன்று டெசிபல் குறைத்தால் நாடாவில் சுத்தமாக உட்காரும்.

6. டெக்கைத் தயார் செய்தல்

பழைய கேசட் டெக்கில் முதலில் போவது ரப்பர் பெல்ட். சென்னை ரிச்சி தெருப் பக்கமோ உங்கள் ஊர்ப் பழைய ரேடியோ மெக்கானிக்கிடமோ கொடுத்துப் பெல்ட்டை மாற்றுங்கள். நாடா உரசிச் செல்லும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். உங்கள் டெக் மெதுவாக ஓடினால், அதில் பதிந்து அதிலேயே கேட்கும்போது பிழை தெரியாது. வேறொருவர் வீட்டில் போட்டால் சுருதி ஏறி, பாடுகிறவர் வேறு ஆளாகத் தெரிவார். ஹெட் சாய்ந்திருந்தாலும் இதே கதைதான்: உங்கள் டெக்கில் நன்றாக இருக்கும், மற்றவற்றில் மங்கும். அதனால் முதல் பிரதியை வேறு இரண்டு டெக்குகளில் போட்டுக் கேளுங்கள். என் முதல் வெளியீட்டில் இதைச் செய்யாமல் இருபது கேசட்டுகளை அழித்துப் புதிதாகப் பதிய வேண்டியதாயிற்று.

7. பிரதி எடுத்தல்

புதிய வெற்றுக் கேசட்டுகளை அமெரிக்காவின் நேஷனல் ஆடியோ கம்பெனி, பிரான்சின் ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸ் போன்ற சில நிறுவனங்கள் இப்போதும் தயாரிக்கின்றன. பழைய இருப்பு கிடைத்தாலும் நல்லதே. ஏற்கெனவே பதிந்த கேசட்டின் மேல் பதிவதானால் முதலில் முழுக்கக் கேட்டுவிடுங்கள். அதிலே யாருடைய கடைசிப் பாட்டு இருக்கிறதோ!

கணினியிலிருந்து டெக்குக்கு நேரடி இணைப்பு. டால்பி என்ற இரைச்சல் குறைப்பு வசதி அணைந்திருக்கட்டும், கேட்பவரின் கருவியில் அது இருக்கும் என்று நம்ப முடியாது. டெக்கில் ஒலி அளவைக் காட்டும் முள் பூஜ்யத்தைச் சுற்றி ஆடலாம், உச்சத்தில் பிளஸ் 3 வரை போகலாம். தொடக்கத்தில் சில நொடிகளுக்கு வரும் வெறும் பிளாஸ்டிக் நாடாவைக் கையால் சுற்றிக் கடந்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். இல்லையென்றால் முதல் அடி விழுங்கப்படும். இரட்டை டெக்கின் வேகப் பிரதி வசதி நேரத்தை மிச்சப்படுத்தும், ஒலியைக் கெடுக்கும். சாதாரண வேகத்திலேயே எடுங்கள். ஒரே டெக் என்றால் ஐம்பது கேசட்டுக்கு ஐம்பது மணி நேரம். மாலைக்கு இரண்டு என்று வைத்தால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

முடிந்ததும் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சிறு காதுகளையும் உடைத்துவிடுங்கள். தவறுதலாக யாரும் மேலே பதிய முடியாது.

8. அட்டை

உயரம் 101 மில்லிமீட்டர். அகலத்தில் முன்பக்கம் 65, முதுகு 12, பின்மடிப்பு 16. உள்ளூர் அச்சகத்தில் ஒற்றை நிறத்தில் அச்சடித்தாலே அழகாக இருக்கும். ஊர், கோயில், தேதி, தமிழ் மாதம், வேடம் கட்டியவர்கள், வாத்தியக்காரர்கள், மைக் செட்காரர் என ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது. அச்சுக்குப் போகும் முன் வாத்தியாரிடம் காட்டிப் பெயர்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதுகில் வெளியீட்டின் வரிசை எண் போடுங்கள்: 1.

9. கொடுத்தல்

முதல் பத்துக் கேசட்டுகள் குழுவுக்கு, விலையில்லாமல், விற்பனைக்கு முன்பே. மீதி நாற்பதில் செலவு போக வருவதில் பாதியை அவர்களுக்குக் கொடுக்கிறேன். முழு இரவின் மூலப் பதிவையும் ஒரு வன்தட்டில் போட்டுக் குழுவிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் இரண்டு தட்டுகளில் தனித்தனி இடங்களில் வைத்திருக்கிறேன்.

விற்பதற்கு ஏற்ற இடம் அடுத்த கூத்து நடக்கும் களம்தான். பங்குனி முதல் ஆடி வரை எங்கள் பக்கம் ஏதாவது ஓர் ஊரில் கூத்து இருந்துகொண்டே இருக்கும். பொரிகடலைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, ஒரு சிறிய டேப் ரெக்கார்டரில் மெதுவாக ஓட விடுங்கள். கேசட் போட்டுக் கேட்க வழியில்லாதவர்களும் வாங்க வருவார்கள். அவர்களுக்காக அதே பதிவை மெமரி கார்டிலும் வைத்திருங்கள். எங்கள் முகவீணைக்காரர் வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது. கேசட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கார்டைத் தன் சிறிய ஸ்பீக்கரில் செருகி, தான் ஊதியதை முதன்முறையாக வெளியிலிருந்து கேட்டார். பக்கம் முடியும்வரை பேசவில்லை. முடிந்ததும், விடியற்காலையில் பூபாளம் ஊதியது இதில் இல்லையே என்றார். இரண்டாம் எண்ணின் முதல் பக்கம் அதுதான்.