கெர்னல் டிரைவரில் தாமதமும் பில்ட் பிழையும்: எண்ணை மாற்றிப் பார்த்துத் தீராதவை

லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு, எழுதிய டிரைவரின் கோப்புகள் எல்லாம் ஒழுங்காகக் கம்பைல் ஆகிவிடும். கடைசியில் எல்லாவற்றையும் இணைத்து லிங்க் செய்யும் இடத்தில் வந்து நிற்கும்: ‘பேட் யுடிலே’ என்ற பெயரைக் காணவில்லை என்று. முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட அந்தப் பெயரை நாம் எங்குமே எழுதியிருக்க மாட்டோம். லினக்ஸ் மூலநிரல் முழுக்கத் தேடினால் அதற்கு அறிவிப்பு இருக்கும், உடல் இருக்காது. பலர் இங்கே ஏதோ ஹெடர் விட்டுப்போயிற்று என்று நினைத்து இன்க்ளூட் வரிகளை அடுக்குவார்கள். சிலர் அதே பெயரில் காலியாக ஒரு ஃபங்ஷன் எழுதி வைப்பார்கள். பில்ட் ஆகிவிடும், கோளாறு உள்ளேயே இருக்கும்.

அந்த ஃபங்ஷனுக்கு வேண்டுமென்றேதான் உடல் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். யுடிலேவுக்குக் கொடுக்கும் மாறிலி வரம்பைத் தாண்டினால், அது இந்த இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிடும்படி அமைத்திருக்கிறார்கள். வரம்பு x86இல் 20,000 மைக்ரோநொடி, 32 பிட் ஏஆர்எம்மில் 2,000. யுடிலே என்பது சிபியுவை ஒரே இடத்தில் சுற்ற விடுவது. அந்த நேரம் முழுக்க அந்தக் கோர் வேறு எதற்கும் ஆகாது. கூடவே, பெரிய எண் கொடுத்தால் உள்ளே நடக்கும் பெருக்கல் நிரம்பி வழிந்து, கேட்டதைவிடக் குறைவான தாமதம் கிடைக்கவும் கூடும். எண்ணை மாறிலியாகக் கொடுக்காமல் ஒரு வேரியபிளில் போட்டால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும் என்று கண்டுபிடித்து அப்படியே விடுபவர்களும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். அங்கே வந்தது ஹெடர் பிழை இல்லை. காத்திருக்கும் முறையே தவறு என்று கெர்னல் பில்ட் நேரத்திலேயே சொல்கிறது.

டிரைவர் வேலையில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதே வகைதான். தாமதம் சரியில்லையா, எண்ணைக் கூட்டு. கம்பைலர் கத்துகிறதா, வகையை மாற்றிக் காட்ட ஒரு காஸ்ட் போடு. இரண்டிலுமே அறிகுறி போய்விடும், காரணம் போகாது.

இங்கே தூங்கலாமா?

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது இரண்டாவது கேள்வி. இந்த இடத்தில் தூங்க, அதாவது சிபியுவை மற்ற வேலைக்கு விட்டுக்கொடுத்துக் காத்திருக்க, அனுமதி உண்டா என்பதுதான் முதல் கேள்வி. இன்டரப்ட் ஹேண்ட்லர், டைமர் கால்பேக், ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சிபியுவைச் சுற்ற வைக்கும் பூட்டு) பிடித்திருக்கும் பகுதி ஆகியவற்றில் தூங்கக் கூடாது. அங்கே மில்லிநொடிக் கணக்கில் தூங்க வைக்கும் எம்ஸ்லீப் போட்டால் ‘ஷெட்யூலிங் வைல் அடாமிக்’ என்று கெர்னல் அலறும்.

அலறினால் நல்லது. அலறாமல் போவதுதான் ஆபத்து. பிரீஎம்ப்ஷன் (ஓடும் வேலையை இடையில் நிறுத்தி வேறொன்றை ஓட்டுவது) இல்லாத கெர்னல் அமைப்பில் ஸ்பின்லாக் பிடித்திருப்பதற்கான கணக்கே வைத்திருக்க மாட்டார்கள். எனவே லாக்கைப் பிடித்துக்கொண்டே டிரைவர் தூங்கும், எச்சரிக்கை வராது. வேறொரு கோர் அதே லாக்குக்காகச் சுற்றத் தொடங்கும் நாளில்தான் இயந்திரம் உறையும். டிபக் அடாமிக் ஸ்லீப் என்ற கான்ஃபிக் தேர்வை இயக்கினால் அந்தக் கணக்கும் சேர்ந்து வந்துவிடும். டிரைவர் எழுதும் இயந்திரத்தில் இதை இயக்காமல் ஒரு நாள்கூட வேலை செய்யாதீர்கள் என்பேன்.

இதற்கு நேர் எதிரான தவறு பயத்தில் வருவது. கருவியைக் கண்டதும் ஓடும் புரோப் ஃபங்ஷனில் தாராளமாகத் தூங்கலாம். ஆனாலும் ‘எதற்கு வம்பு’ என்று, யுடிலேயின் மில்லிநொடி வடிவமான எம்டிலேயை எடுத்து எம்டிலே 100 என்று எழுதிவிடுவார்கள். பூட் ஆகும்போது ஒரு கோர் 100 மில்லிநொடி வீணாகச் சுற்றும்.

சரி, தூங்கலாம் என்றால் எதைக் கொண்டு தூங்குவது? சில மைக்ரோநொடிகள் என்றால் யுடிலே போதும். சுமார் 10 மைக்ரோநொடி முதல் 20 மில்லிநொடி வரை யுஸ்லீப் ரேஞ்ச். அதற்கு மேல் எம்ஸ்லீப். 5.8 பதிப்பிலிருந்து எஃப்ஸ்லீப் என்று ஒன்று இருக்கிறது. மைக்ரோநொடியைக் கொடுத்தால் மூன்றில் ஏற்றதை அதுவே தேர்ந்துகொள்ளும்.

இதில் எம்ஸ்லீப்பைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நான் ஒருமுறை பார்த்த கேமரா சென்சார் டிரைவரில் 120 ரெஜிஸ்டர் கொண்ட ஓர் அட்டவணை. ஒவ்வொன்றையும் எழுதியதும் எம்ஸ்லீப் 1. மேம்பாட்டுப் போர்டில் சென்சார் கால் நொடியில் எழுந்துவிட்டது. இறுதிப் போர்டில் இரண்டு நொடிக்கு மேல் பிடித்தது. சென்சார் மோசம், கேபிள் மோசம் என்று நாள் ஓடியது. வேறுபாடு கெர்னல் கான்ஃபிக்கில் இருந்தது: ஒன்றில் ஹெச்இசட் (நொடிக்கு எத்தனை டைமர் டிக் என்ற எண்) 1000, மற்றதில் 100. எம்ஸ்லீப் ஜிஃபி, அதாவது டிக், கணக்கில் ஓடுவது. ஹெச்இசட் 100 என்றால் ஒரு ஜிஃபி 10 மில்லிநொடி. ஒரு மில்லிநொடி கேட்டாலும் நடப்பு டிக்கும் அடுத்த டிக்கும் முடிய வேண்டும், ஆக 20 மில்லிநொடி வரை போகும். 120 முறை 20 என்றால் 2.4 நொடி. டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்தால், ரீசெட் ரெஜிஸ்டருக்குப் பிறகு மட்டும்தான் காத்திருக்கச் சொல்லியிருந்தது. மற்ற 119 தாமதங்களும் யாரோ பாதுகாப்புக்காகப் போட்டவை. அவற்றை எடுத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் யுஸ்லீப் ரேஞ்சாக மாற்றியதும் தீர்ந்தது.

யுஸ்லீப் ரேஞ்சிலும் ஒன்று கவனிக்க வேண்டும். இரண்டு எல்லைகளையும் ஒரே எண்ணாகக் கொடுக்காதீர்கள். இடைவெளி இருந்தால்தான் பக்கத்தில் வரும் இன்னொரு டைமர் எழுப்பலோடு சேர்த்து கெர்னல் நம்மையும் எழுப்ப முடியும். மேல் எல்லை ஓர் உத்தரவாதமும் அல்ல. இயந்திரம் வேலை மிகுந்திருந்தால் அதையும் தாண்டும். எந்தத் தூக்கமும் ‘குறைந்தது இவ்வளவு’ என்றுதான் உறுதி தரும். உங்கள் கருவிக்கு ‘அதிகபட்சம் இவ்வளவு’ தேவை என்றால், தூங்கி அதைப் பெற முடியாது.

சரியான தாமதம், தவறான இடம்

ரீசெட் ரெஜிஸ்டரில் 1 எழுது, 10 மைக்ரோநொடி பொறு, 0 எழுது. பார்க்க ஒரு குறையும் இல்லை. ஆனால் பிசிஐ பஸ்ஸில் எழுத்து, எழுதிய கணமே கருவியைப் போய்ச் சேர்வதில்லை. வழியில் உள்ள பிரிட்ஜ் அதை வாங்கி வைத்துக்கொண்டு, சிபியுவை மேலே போக விட்டுவிடும். நம் 10 மைக்ரோநொடி ஓடும்போது எழுத்து இன்னும் வழியில் இருக்கலாம். பிறகு 1ம் 0வும் அடுத்தடுத்துப் போய் விழும். கருவி பார்க்கும் ரீசெட் துடிப்பு மிகக் குறுகியதாகிவிடும். இங்கேதான் ‘தாமதத்தை 100 ஆக்கினால் சரியாகிறது’ என்ற பேட்ச்கள் பிறக்கின்றன. செய்ய வேண்டியது, எழுதியதும் அதே கருவியிலிருந்து ஒரு ரெஜிஸ்டரைப் படிப்பது. முன்னால் எழுதியவை போய்ச் சேராமல் அந்தப் படிப்பு திரும்பாது. அதற்குப் பிறகு தொடங்கும் 10 மைக்ரோநொடிதான் உண்மையான 10.

நிலைக்காகக் காத்திருக்கும் லூப்பில் இன்னொன்று நடக்கும். ‘தயாரா? இல்லை. கெடு தாண்டியதா? தாண்டியது. சரி, டைம்அவுட்’ என்று பலர் எழுதுகிறார்கள். இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் நம் த்ரெட்டை ஷெட்யூலர் ஓரமாக நிறுத்தி, 50 மில்லிநொடி கழித்துத்தான் திரும்ப விட்டது என்று வையுங்கள். அதற்குள் கருவி எப்போதோ தயாராகிவிட்டிருக்கும். நாமோ கேட்காமலேயே தோல்வி என்று அறிவிப்போம். சுமை ஏறும்போது மட்டும் வரும் டைம்அவுட்களில் இது அடிக்கடி மாட்டும். கெடு தாண்டிய பிறகும் கடைசியாக ஒருமுறை நிலையைப் படிக்க வேண்டும். ரீட்எல் போல் டைம்அவுட் மேக்ரோ இதைச் செய்தே வருகிறது. தூங்கக் கூடாத இடத்துக்கு அதன் அடாமிக் வடிவம் உண்டு. சொந்தமாக லூப் எழுத நல்ல காரணம் இருப்பது அபூர்வம்.

கெடுவை ஜிஃபியில் வைத்திருந்தால் நேரடியாகச் சிறியதா பெரியதா என்று ஒப்பிடாதீர்கள்; டைம் ஆஃப்டர் மேக்ரோவைப் பயன்படுத்துங்கள். 32 பிட்டில் ஹெச்இசட் 1000 என்றால் ஜிஃபி எண்ணி சுமார் 49.7 நாளில் சுற்றித் திரும்பும். ‘அவ்வளவு நாள் யார் ஓட்டப்போகிறார்கள்’ என்று விடுவார்கள் என்பது தெரிந்தே, பூட் ஆகி ஐந்தே நிமிடத்தில் முதல் சுற்று வரும்படி கெர்னல் தன் தொடக்க மதிப்பை வைத்திருக்கிறது. ஆறு நிமிடம் ஓட விட்டுச் சோதித்தால் தெரிந்துவிடும். அதுபோல ஹெச்இசட் வகுத்தல் 1000 என்று எழுதினால், ஹெச்இசட் 250 உள்ள கெர்னலில் விடை சுழி. எம்செக்ஸ் டு ஜிஃபிஸ் இருக்கும்போது அந்தக் கணக்கு நமக்கு எதற்கு?

வேலை முடிந்ததை அறிவிக்கும் கம்ப்ளீஷனுக்காகக் காத்திருக்கும் ஃபங்ஷனின் டைம்அவுட் வடிவம், நேரம் முடிந்தால் சுழியைத் திருப்பும். வேலை முடிந்தால் மீதி ஜிஃபியைத் திருப்பும். எதிர்ம எண் வராது. நம் கையோ பழக்கத்தில் ‘சுழிக்குக் குறைவா’ என்று கேட்டுவிடும். அப்புறம் எல்லா டைம்அவுட்டும் வெற்றியாகிவிடும். கம்ப்ளீஷனை மறுபடி தயார் செய்யும் வரி, வன்பொருளைத் தொடங்கும் வரிக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறிப்போனால், வேகமாக வந்த இன்டரப்டை நாமே அழித்துவிட்டு, வராத ஒன்றுக்காகக் காத்திருப்போம்.

தேடும்போது கெர்னல் லாகில் செய்தி எழுதும் பிரிண்ட்கே போட்டதும் பிழை மறைந்துவிட்டால், அது பெரிய துப்பு. 115200 பாட் சீரியல் கன்சோல் நொடிக்கு 11,520 எழுத்துதான் அனுப்பும். 80 எழுத்து வரி ஒன்று சுமார் 7 மில்லிநொடி தின்னும். அந்த வரியே தாமதமாகிவிட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லாதீர்கள். நேரம் சார்ந்த பிழையை ட்ரேஸ் பிரிண்ட்கே கொண்டு தேடுங்கள். அது நினைவகத்தில் எழுதிவிட்டு உடனே திரும்பும்.

பில்ட் உடையும்போது

முதல் பிழையை மட்டும் படியுங்கள். கீழே உள்ள நாற்பதும் பெரும்பாலும் அதன் குட்டிகள். பல ஜாபாக மேக் ஓட்டும்போது வரிசை கலைந்துவிடும் என்பதால், உடைந்ததும் ஒற்றை ஜாபில் மறுபடி ஓட்டுவது நல்லது.

நேரக் கணக்கிலிருந்தே வரும் லிங்க் பிழை இன்னொன்று உண்டு. இரண்டு கேடைம் (நானோநொடியில் உள்ள நேரம்) மதிப்புகளைக் கழித்து, வந்ததைக் குறியில்லாத 64 பிட் எண்ணாக வைத்து 1000ஆல் வகுத்து மைக்ரோநொடி எடுப்பீர்கள். 64 பிட்டில் ஒரு சிக்கலும் இருக்காது. 32 பிட்டுக்குக் கட்டினால் ‘யுடிவ்டிஐ3’ இல்லை என்றோ, ஏஆர்எம்மில் ‘யுஎல்டிவ்மாட்’ என்று முடியும் பெயர் இல்லை என்றோ வரும். 64 பிட் வகுத்தலைக் கம்பைலர் தன் லைப்ரரியிடம் ஒப்படைக்கிறது. கெர்னலோ அந்த லைப்ரரியை லிங்க் செய்வதில்லை. எங்கிருந்தோ அந்த ஃபங்ஷனைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டாம். டிவ் யு64 பயன்படுத்துங்கள். இந்த இடத்துக்கென்றால் கேடைம் டு யுஎஸ் போதும். டூ டிவ் எடுத்தால் எச்சரிக்கை: அது ஈவைக் கொடுத்த வேரியபிளிலேயே வைத்துவிட்டு, மீதியைத் திருப்பும். திருப்பியதை விடை என்று எடுத்துக்கொண்ட டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே தாமதம் எப்போதும் 1000க்குள்ளேயே நிற்கும்.

ஒரு வேரியபிளை 1.5ஆல் பெருக்குவதும் ஆகாது. கெர்னலில் மிதவைப் புள்ளிக் கணக்குக்குப் பொதுவாக இடமில்லை. 3ஆல் பெருக்கி 2ஆல் வகுங்கள்.

பழைய டிரைவரைப் புதிய கெர்னலுக்குக் கொண்டுபோகும்போதுதான் காஸ்ட் போடும் ஆசை அதிகம் வரும். 4.15இல் செட்அப் டைமர் எடுக்கப்பட்டு டைமர் செட்அப் மட்டும் நின்றது. முன்பு கால்பேக்குக்கு நாம் கொடுத்த எண் வரும். அதில் நம் கருவி ஸ்ட்ரக்டின் முகவரியை வைத்திருப்போம். இப்போது டைமரின் பாயிண்டர் வருகிறது. கம்பைலர் வகை பொருந்தவில்லை என்கிறது. காஸ்ட் போட்டால் அமைதியாகிவிடும். ஓடும்போது கால்பேக், டைமர் முகவரியையே கருவி ஸ்ட்ரக்ட் என்று எடுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத நினைவகத்தில் எழுதும். அது டைமர் சுடும்போதுதான் நடக்கும், விழுவதும் வேறெங்கோ. கால்பேக்கின் கையொப்பத்தை மாற்றி, கன்டெய்னர் ஆஃப் மூலம் ஸ்ட்ரக்டை எடுப்பது ஐந்து நிமிட வேலை.

இதே வரிசையில் 6.4இல் கிளாஸ் கிரியேட்டின் ஓனர் ஆர்குமென்ட் போனது. 6.11இல் பிளாட்ஃபார்ம் டிரைவரின் ரிமூவ் எதையும் திருப்பாததாக மாறியது. 6.15இல் டெல் டைமர் என்ற பழைய பெயர் எடுக்கப்பட்டு, டைமர் டிலீட் நிலைத்தது. ஒவ்வொன்றையும் மாற்றிய கமிட்டின் விளக்கத்தை கிட் லாகில் படித்துவிட்டு மாற்றுங்கள். எதற்காக மாற்றினார்கள் என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துக் கிளை பிரிப்பதிலும் கவனம் வேண்டும். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9இன் கெர்னல் 5.14 என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும். உள்ளே அதற்குப் பிந்தைய பதிப்புகளிலிருந்து எடுத்து வந்தவை நிறைய இருக்கும்.

மாட்யூலாக (தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கோப்பாக) மட்டும் கட்டிப் பார்த்துவிட்டு விடுவதும் கூடாது. ஒரு தேர்வு மாட்யூலாக இருந்தால் அதன் வெறும் கான்ஃபிக் பெயர் வரையறுக்கப்பட்டிருக்காது, இஃப்டெஃப் ஏமாறும். இஸ் எனேபிள்டு போடுங்கள். நம் டிரைவர் கெர்னலுக்குள்ளேயும், அது நம்பியிருப்பது மாட்யூலாகவும் போனால் லிங்க் உடையும். அந்தக் கட்டுப்பாட்டை எழுத வேண்டிய இடம் கேகான்ஃபிக் கோப்பு.

‘இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்’ வந்தால், ஓடும் கெர்னலும் கட்டிய ஹெடரும் வேறு வேறு. பலவந்தமாக ஏற்றாமல் மறுபடி கட்டுங்கள்.

இப்போதெல்லாம் பேட்ச் அனுப்புமுன் நான்கு பில்ட் எடுக்கிறேன்: 64 பிட்டில் மாட்யூலாக ஒன்று, உள்ளிணைத்து ஒன்று, 32 பிட் ஏஆர்எம்முக்கு ஒன்று, ஹெச்இசட் 100 வைத்து டிபக் அடாமிக் ஸ்லீப் இயக்கி ஒன்று. கடைசியாகச் சொன்னதைப் போர்டில் ஏற்றி, சுமை கொடுத்து, பத்து நிமிடம் ஓட விடுகிறேன்.