கருத்து வரைபடத்தில் படம், ஆடியோ, இணைய முகவரி சேர்ப்பது எப்படி: ஆத்தங்குடிப் பூக்கல்லை வைத்து ஒரு செய்முறை

போன மாதம் அக்கா மகளுக்குப் பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பு. நம் பக்கத்தில் கையால் செய்யப்படும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அது உருவாகும் விதத்தை விளக்க வேண்டும். காரைக்குடியில் இருப்பவளுக்குப் பொருளுக்கா பஞ்சம்? கண்டாங்கிச் சேலை, பனையோலைக் கொட்டான், மரவேலை என்று யோசித்துவிட்டுக் கடைசியில், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல்லில் வந்து நின்றாள். இரண்டு சனிக்கிழமை ஆத்தங்குடிக்குப் போய், ஒரு பட்டறையில் அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தோம். திரும்பி வரும்போது என் போனில் நாற்பது படம், ஆறு வீடியோ, கல் போடும் அண்ணன் பேசிய இருபது நிமிட ஆடியோ. "மாமா, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எப்படிக் காட்டுவது?" என்று கேட்டாள். அதற்குத்தான் கருத்து வரைபடம். அதைச் செய்து முடித்ததில் கற்றுக்கொண்டதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

மனவரைபடம் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக்கம்தான், நடுவில் தலைப்பு, சுற்றிலும் கிளைகள். கருத்து வரைபடம் ஒரு விஷயத்தில் அதிலிருந்து மாறும். இரண்டு பெட்டிகளை இணைக்கும் கோட்டின் மேல் ஒரு இணைப்புச் சொல் இருக்கும், மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு வாக்கியமாக வர வேண்டும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவர் குழுவும் 1972-இல், பிள்ளைகள் அறிவியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது உருவாக்கிய முறை இது. தமிழில் செய்யும்போது ஒரு சிக்கல் வரும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், இங்கேயோ வினை நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது. 'கலவை – ஊற்றப்படுகிறது – கண்ணாடி' என்று எழுதினால் வாயில் நிற்காது. 'கலவை – ஊற்றப்படும் இடம் – கண்ணாடி', 'கண்ணாடி – தருவது – பளபளப்பு' என்று மாற்றினால் சரியாகப் படிக்கலாம். இதை முதலிலேயே சரிசெய்துவிடுங்கள், கோப்புகளைச் சேர்த்த பிறகு பெட்டிகளைக் கலைத்துப் போடுவது பெரிய வேலை.

நாங்கள் பயன்படுத்தியது சிமேப் டூல்ஸ். புளோரிடாவில் உள்ள ஐஎச்எம்சி என்ற ஆய்வு நிறுவனம் தருவது, இலவசம், கணினியில் நிறுவிக்கொள்ளலாம். வெற்று இடத்தில் இரண்டு தரம் சொடுக்கினால் பெட்டி வரும், பெட்டியின் தலையில் உள்ள அம்புக்குறியைப் பிடித்து இழுத்தால் கோடும் இணைப்புச் சொல்லுக்கான இடமும் வரும். வரைவதற்கு அது போதும். நாம் பேச வேண்டியது அதற்கு அடுத்த வேலை: அந்தப் பெட்டிகளுக்குக் கீழே சின்னச் சின்ன ஐகான்கள் வந்து, அதைத் தொட்டால் படமோ குரலோ வலைப்பக்கமோ திறப்பது. பாடப் புத்தகத்தில் க்யூஆர் கோடு இருக்கிறதே, போனைக் காட்டினால் வீடியோ வருகிறதே, கிட்டத்தட்ட அதே காரியம்தான்.

முதல் வேலை, கோப்புறை. வரைபடத்தைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு கோப்புறை திறந்து, சேர்க்கப்போகும் எல்லாவற்றையும் அதில் கொண்டுவந்து போடுங்கள். டெஸ்க்டாப்பில் இரண்டு, டவுன்லோட்ஸில் நாலு, பென் டிரைவில் ஒன்று என்று இருக்கவே கூடாது, இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

போனிலிருந்து வரும் கோப்புகளில் சில தொல்லைகள் உண்டு. வாட்ஸ்அப் வழியாகப் படம் அனுப்பினால் அது சுருங்கிவிடும், பூக்கல்லின் கோலம் ஓரங்களில் மங்கித் தெரியும். அதனால் படத்தைப் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு எடுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு ஓபஸ் என்ற வகையில் வரும், எல்லாக் கணினியிலும் அது திறக்காது, எம்பி3-ஆக மாற்றிவிடுங்கள். ஐபோன் படங்கள் ஹெய்க் வகையில் இருந்தால் ஜேபெக்காக மாற்றுங்கள். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், முன்னால் 01, 02 என்று எண் போட்டு வைப்பதுதான் நல்லது. தமிழில் பெயர் வைக்கக் கூடாதா என்றால் வைக்கலாம், ஆனால் ஜிப் செய்து வேறு கணினியில் பிரிக்கும்போது எழுத்துகள் கட்டம் கட்டமாக மாறிவிடுவதுண்டு. தமிழ்ப் பெயருக்கு வேறு இடம் இருக்கிறது, வருகிறேன்.

இருபது நிமிட ஆடியோவை அப்படியே சேர்க்காதீர்கள். யாரும் முழுதாகக் கேட்க மாட்டார்கள். நாங்கள் அதிலிருந்து தேவையான ஐந்து துண்டுகளை மட்டும் வெட்டி எடுத்தோம், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். அச்சு பற்றிப் பேசுவது ஒன்று, சாயம் பற்றி ஒன்று, தண்ணீர்த் தொட்டி பற்றி ஒன்று, இப்படி.

சரி, இனிச் சேர்ப்பது. முதலில் வரைபடத்தைச் சேமியுங்கள். சிமேப் டூல்ஸில் 'மை சிமேப்ஸ்' என்று ஒரு இடம் இருக்கும், அதற்குள் இந்தத் திட்டத்துக்கென்று தனி உறை (கோப்புறை) உருவாக்கி அதில் சேமிக்க வேண்டும். சேமித்த பிறகு, கோப்பை அதன் ஜன்னலிலிருந்து இழுத்து வந்து நேராகப் பெட்டியின் மேல் விடுங்கள். விட்டதும் ஒரு சிறு ஜன்னல் திறந்து இணைப்புக்குப் பெயரும் விளக்கமும் கேட்கும். தமிழ்ப் பெயர் எழுத வேண்டிய இடம் இதுதான். பலர் இங்கே ஓகே அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் கோப்பின் பெயரே இணைப்பின் பெயராக நிற்கும், பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'அச்சைத் தூக்கும் நேரம், 40 வினாடி' என்று எழுதினால் திறக்கலாமா வேண்டாமா என்று அவரே முடிவு செய்வார். ஒரு பெட்டியில் ஒரே வகைக் கோப்புகள் மூன்று சேர்த்தாலும் ஒரு ஐகான்தான் தெரியும், அதைச் சொடுக்கினால் மூன்றின் பெயரும் பட்டியலாக விரியும். அப்போது பெயர் இருந்தால்தான் மூன்றில் எது எதென்று தெரியும்.

இழுத்து விடுவது கைக்கு வராவிட்டால், பெட்டியின் மேல் வலது சொடுக்கு செய்து, ரிசோர்ஸ் இணைப்புகளைச் சேர்க்கவும் திருத்தவும் என்று இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அதே ஜன்னல்தான் வரும். இணைப்பை நீக்குவதும் பெயர் மாற்றுவதும் அங்கேயேதான்.

ஒன்றைக் கவனியுங்கள். இழுத்து விட்டதும் கோப்பின் ஒரு நகல்தான் வரைபடத்தின் உறைக்குள் போகிறது. அப்புறம் நீங்கள் பழைய இடத்தில் இருக்கும் மூலப் படத்தை வெட்டித் திருத்தினாலும் வரைபடத்தில் பழையதே இருக்கும். திருத்தம் எல்லாம் முடிந்த பிறகே சேருங்கள்.

எந்த இடத்தில் சேர்ப்பது என்பதுதான் எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி. எல்லோரும் பெட்டியில் மட்டும் சேர்க்கிறார்கள். இணைப்புச் சொல்லிலும் சேர்க்கலாம், பூக்கல் மாதிரி ஒரு செய்முறைக்கு அதுதான் பொருத்தம். பட்டறையில் நடப்பதைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் கோலம் போட்ட உலோக அச்சை வைக்கிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், பிறகு அச்சை ஆடாமல் மேலே தூக்குகிறார்கள், நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை வைத்து அழுத்துகிறார்கள். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டி, அப்புறம் மறுபடி உலர்த்தல். சூளையே கிடையாது. கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும்போதே அந்த முகம் பளபளவென்று இருக்கிறது, தனியாகப் பாலிஷ் போடும் வேலை இல்லை. இதில் கண்ணாடி, அச்சு, சாந்து எல்லாம் பெயர்கள், அவற்றுக்குப் படம் போதும். ஊற்றுவது, தூக்குவது, தூவுவது, அழுத்துவது எல்லாம் செயல்கள், அவற்றுக்கு வீடியோ வேண்டும், அந்த வீடியோ இருக்க வேண்டிய இடம் கோட்டின் மேல் உள்ள சொல். பெட்டிக்குப் படம், கோட்டுக்கு வீடியோ என்று பிரித்த பிறகு அக்கா மகளின் வரைபடம் தானாகவே தெளிந்துவிட்டது. ஆடியோவை மட்டும் இரண்டு பக்கமும் தேவைக்கேற்ப வைத்தோம்.

இணைய முகவரி சேர்ப்பதும் அதே வழிதான். வலது சொடுக்கு, வலை முகவரி சேர்க்கும் வரி, முகவரியை ஒட்டி, கீழே பெயர் எழுதினால் முடிந்தது. ஆனால் எந்த முகவரியை ஒட்டுகிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது. கூகுளில் தேடி வந்த முடிவுப் பக்கத்தின் முகவரியை ஒட்டாதீர்கள், நாளைக்கு வேறு முடிவு காட்டும். கட்டுரைக்குள் போய் அந்தப் பக்கத்தின் முகவரியை எடுங்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது, அதற்கு யுனெஸ்கோ தளத்திலேயே தனிப் பக்கம் உண்டு. மகள் முதலில் அந்தத் தளத்தின் முகப்புப் பக்கத்தை ஒட்டியிருந்தாள். வீட்டுக்கு வழி கேட்டவரிடம் ஊர் பெயரை மட்டும் சொன்ன மாதிரி ஆகிவிடும், நேராக அந்தப் பக்கத்துக்கே மாற்றச் சொன்னேன்.

நீளமான பிடிஎஃப் என்றால் முகவரியின் கடைசியில் ஒரு # குறி போட்டு, ஒட்டினாற்போல ஆங்கிலத்தில் பேஜ் என்று எழுதி, சமக்குறியும் பக்க எண்ணும் சேர்த்தால் பெரும்பாலான பிரௌசர்களில் நேராக அந்தப் பக்கமே திறக்கும். யூடியூப் வீடியோவில் பகிர் பொத்தானை அழுத்தினால் எந்த நேரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று குறிக்கும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். கூகுள் டிரைவில் வைத்த கோப்பாக இருந்தால் அனுமதியை மாற்ற மறக்க வேண்டாம். நம் கணக்கில் திறந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகத் தெரியும், ஆசிரியர் திறந்தால் அனுமதி கேள் என்று நிற்கும்.

வலைப்பக்கங்கள் காணாமல் போகும். அதனால் முக்கியமான பக்கம் என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்து ஒரு பிரதி சேமித்து, அந்தப் பிரதியின் முகவரியையும் இரண்டாவது இணைப்பாகச் சேர்த்துவிடுவேன். ஒரு நிமிட வேலை.

இனி, கோப்புறை விஷயத்தில் ஏன் கண்டிப்பு என்பது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பழைய வளவு வீட்டைப் பற்றி நானே ஒரு வரைபடம் செய்தேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒவ்வொரு கட்டுக்கும் படம், அப்பத்தா தன் குரலில் சொன்ன கதைகள். ஒரு கூட்டத்தில் காட்டக் கேட்டிருந்தார்கள். வரைபடக் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே திறந்தால் பெட்டிகள் எல்லாம் வந்தன, ஐகான்களும் வந்தன, ஒன்றைத் தொட்டாலும் எதுவும் திறக்கவில்லை. கோப்புகள் எல்லாம் வீட்டு லேப்டாப்பில். அப்பத்தா குரலைக் கேட்க வந்திருந்த உறவுக்காரர்கள் வெறும் பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள், அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. வரைபடம் எங்கே போனாலும் அதன் உறை முழுவதும் கூடவே போக வேண்டும். ஃப்ரீபிளேன் மாதிரி வேறு மென்பொருள் பயன்படுத்துகிறவர்களும் இதையே பாருங்கள், அதில் கோப்பு முகவரியை முழு முகவரியாகவா, வரைபடம் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிட்டா சேமிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்து வைத்தால் உறையோடு தூக்கிச் செல்லலாம்.

சிமேப் டூல்ஸ் இல்லாதவர்களுக்குக் காட்ட வேண்டுமானால் ஏற்றுமதி செய்யும் இடத்தில் வலைப்பக்கமாக எடுங்கள். படமாக எடுத்தால் ஐகான் தெரியும், திறக்காது. எடுத்ததை வேறொரு கணினியில், இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள். அப்போது திறக்காதவை இணைய முகவரிகளாக மட்டும் இருந்தால் சரி.

பொதுவான சர்வர்களில் ஏற்றும் வசதியும் இதில் உண்டு. குடும்பக் கணக்கு ஏடு, பத்திரம், வீட்டுப் பெரியவர்களின் குரல் எல்லாம் அங்கே போக வேண்டாம். பட்டறை அண்ணனிடமும் முதலிலேயே கேட்டுக்கொண்டோம், பள்ளியில் காட்டலாம், இணையத்தில் போட வேண்டாம் என்றார், அப்படியே செய்தோம்.

வேலை முடிந்ததும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அதே பட்டறைக்குப் போய் அவரிடம் காட்டினோம். ஒவ்வொரு ஐகானாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தவர், 'அழுத்துவது' என்ற சொல்லில் இருந்த வீடியோவில் நிறுத்தச் சொன்னார். "இது ஈரக் கலவை இல்லத்தா, அதுக்கு முந்தித் தூவுற பொடி" என்றார். நாங்கள் இரண்டு வாரமாகப் பார்த்தும் எங்களுக்குத் தெரியவில்லை. மகள் அங்கேயே உட்கார்ந்து அந்த இணைப்பை நீக்கினாள். இணைப்பை நீக்கினால் கோப்பு அழிவதில்லை, உறைக்குள்தான் இருக்கும், அதனால் அதையே 'தூவுவது' என்ற சொல்லில் திரும்பச் சேர்த்து, பெயரையும் மாற்றி எழுதினாள். ஈரக் கலவை வைக்கும் வீடியோ எங்களிடம் இல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த கண்ணாடியை எடுத்து வைத்தார், "இப்ப எடுத்துக்கத்தா" என்றார்.